பூனை காட்டிய ஜன்னல்

வீட்டில் எல்லாரும் அவளைக் குட்டி வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது பத்துதான். ஆனால் இரண்டு பேர் வாக்குவாதம் செய்தால் போதும், நடுவில் போய் நின்றுவிடுவாள்.

அன்றைய வழக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும்.

தம்பிக்குக் காது சரியாகக் கேட்காது. கருவி மாட்டியிருந்தாலும், பேசுகிறவர் உதட்டைப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும். பேச்சு டீச்சர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்து வந்தார். ஊரெல்லாம் தொற்றுநோய் பரவியதும் வகுப்பு நின்றுபோனது. போனில் வீடியோவாக நடத்திப் பார்த்தார்கள். உதடு ஒரு பக்கம் போனது, சத்தம் ஒரு பக்கம் போனது. தம்பி கற்ற சொற்களையும் மறக்கத் தொடங்கினான்.

"ஒரே ஒரு ஆள்தானே வரப்போறாங்க? கூட்டமா, கும்பலா?" என்றாள் அம்மா.

அப்பா ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். "நோய்க்கு ஒரு ஆள் போதாதா? மாஸ்க் போட்டா இவனுக்கு உதடு தெரியாது. கழட்டிட்டு, மூடின ரூம்ல முகத்துக்கு முகம் பேசினா அதைவிட ஆபத்து வேற இல்ல. தினமும் நோயாளிங்களைத் தூக்கிட்டு வரேன். என்னால டீச்சருக்கு ஒட்டிக்கிட்டா? அவங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

"அப்ப இவன் பேசவே வேண்டாமா?"

அப்பாவுக்கும் ஒரு ஏக்கம் இருந்தது. தம்பி அவரையும் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டான். 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். 'ப' சொல்லும்போது மட்டும் காற்று வெடித்து வரும். அதைப் பழக்குவதற்குள் வகுப்பு நின்றுவிட்டது.

"வக்கீலம்மா, நீயே சொல்லு. யார் பக்கம் நியாயம்?" என்றார் அப்பா.

"ரெண்டு பேர் பக்கமும்தான்."

"அடேயப்பா, நல்லா நழுவுறியே!" என்றாள் அம்மா.

அப்போது தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். மூடிய ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பூனை கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இவனும் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான்.

குட்டி வக்கீல் துள்ளிக் குதித்தாள். "அப்பா! உதடு தெரியணும், மூச்சுக்காத்து வரக் கூடாது. அவ்வளவுதானே? டீச்சர் ஜன்னலுக்கு வெளியே நிக்கட்டும். சத்தத்துக்கு போன் இருக்கு!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். உடனே டீச்சருக்குப் போன் போனது.

மறுநாள் காலை, மழை விட்டிருந்தது. டீச்சர் தெருப்பக்கம் நின்று மாஸ்க்கைக் கழற்றினார். தம்பி அவர் முகத்தைக் கண்டதும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டான்.

"எல்லாம் சரி. காத்தை எப்படிக் காட்டுறது? முன்னெல்லாம் அவன் கையை என் வாய்கிட்ட வெச்சுக் காட்டுவேன்" என்றார் டீச்சர், போனில்.

குட்டி வக்கீல் யோசித்தாள். குளிர்ந்த கண்ணாடியில் தம்பி மூச்சு விட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவள் அதன் பக்கத்தில் உதட்டை வைத்து "ம்ம்ம்" என்றாள். ஒன்றும் இல்லை. "ப்!" என்றாள். வெள்ளையாக ஒரு வட்டம்!

தம்பியும் முயன்றான். ஒருமுறை, இருமுறை, பலமுறை.

இரவு வேலை முடிந்து வந்த அப்பா தெருவிலேயே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவரைக் கண்டுவிட்டான்.

"அம்..." என்று தொடங்கி நிறுத்தினான். கண்ணாடியை நெருங்கினான். "அப்...பா!"

கண்ணாடியில் வெள்ளை வட்டம் விழுந்தது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் அள்ளிக்கொள்ள முடியாது, முதலில் குளிக்க வேண்டும். நின்ற இடத்திலேயே டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றி டீச்சர். இந்த உதவியை உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

"நன்றியை உங்க வக்கீலுக்குச் சொல்லுங்க" என்று சிரித்தார் டீச்சர்.

"வக்கீலம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றார் அப்பா.

"எனக்கு எதுவும் வேண்டாம். பூனைக்குப் பால் வைங்க."

அன்று மாலை ஜன்னலுக்கு வெளியே ஒரு கிண்ணம் பால் வைத்தார்கள். பூனை நக்கி நக்கிக் குடித்தது. தம்பி கண்ணாடியில் முகத்தைப் பதித்து, அதையும் ஆசை ஆசையாக, "அப்பா!" என்று கூப்பிட்டான்.