மூன்று முறை தட்டினால்

பாட்டு தானாகத் தாழ்ந்தது. யாரோ ஓசைப்படாமல் பின்னால் வந்து ஒரு விரலால் குமிழைத் திருப்பியதுபோல இசை அடங்கி, ஒரு மூச்சு விடுகிற நேரம் பதுங்கிக் கிடந்து, பிறகு மெதுவாக எழுந்து பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ரோஹிணி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். பாட்டு தாழ்ந்தால் அதன் அடியில் அப்பா தட்டும் ஓசை கேட்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

எதுவும் கேட்கவில்லை.

மாடம்பாக்கத்தில் அந்தக் கீழ்த்தள வீட்டில் இரண்டு படுக்கையறைகள். நடுவே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா சத்யநாராயணன் படுத்திருந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் பேசிப் பேசியே பிழைத்த மனிதர். கோடையில் ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வாஷ்பேசினைப் பிடித்தபடி சரிந்தார். வலது பக்கமும் பேச்சும் அன்றோடு போய்விட்டன. மிஞ்சியது இடது கை. அம்மா சாவித்ரி பள்ளிக்கூட டீச்சர். அந்த ஒரு கைக்கு ஒரு பாஷையைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கட்டில் கம்பியில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கயிற்றால் கட்டி, அவர் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்தாள். ஒரு தட்டு, தண்ணீர். இரண்டு, பெட்பேன். மூன்று தட்டினால், வா. காரணம் வேண்டாம், சும்மா வா, பக்கத்தில் வந்து உட்கார்.

உட்காருவதற்குக் கட்டிலருகே ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது.

அம்மா பள்ளிக்கூடம் முடித்து, சேலையூரில் டியூஷனும் முடித்து வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் ரோஹிணி கால்சென்டர் வேலையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் அப்பாவோடு இருந்தாள். ராத்திரியில் செய்யக்கூடிய வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்தபோதுதான், கல்லூரி நாளிலிருந்து மனசில் கிடந்த ஆசைக்கு ஒரு வழி தெரிந்தது. கடற்கரைச் சாலையில் புதிதாகத் திறந்த ஒரு ரிசார்ட்டில் சனி ஞாயிறுக்கு டீஜே தேடினார்கள். ஒரு மணி நேரம், எங்கும் வெட்டாமல் ஒட்டாமல், ஒரே மூச்சில் பதிவு செய்த மிக்ஸ் ஒன்றை சி.டி.யில் கொடுக்க வேண்டும். நாளைக்குள்.

சி.டி. பிளேயர் இரண்டு, நடுவில் ஒரு மிக்சர், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். எல்லாமே பழசு. குரோம்பேட்டையில் மண்டபங்களுக்கு சவுண்ட் சர்வீஸ் செய்யும் வினோத்குமார் கொடுத்தது. கல்லூரியில் கூடப் படித்தவன். ஹெட்போன் மாட்டினால் அப்பா தட்டுவது காதில் விழாதே என்று அவள் சொன்னபோது வழி சொன்னவனும் அவன்தான்.

"இதுக்கு ஏன் பேஜாராவுற? ஒரு மைக்க அப்பா கட்டில்ல கட்டிடு. ஒயர ஜன்னல் வழியா இழுத்து மிக்சர்ல சொருவிட்டு, டாக்ஓவர போட்டு வுடு. அவரு தட்டுனா பாட்டு தானா அடங்கிடும். மண்டபத்துல மொய் எழுதுனவங்க பேரு படிக்கசொல்ல பாட்டு அடங்குதுல்ல, அதே சரக்குதான்."

நன்றாகத்தான் வேலை செய்தது. அப்பா தட்டுவார், மிக்சரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், பாட்டு ஒதுங்கி வழி விடும், டம்ளர் ஓசை காதுக்குள்ளேயே கேட்கும், அவள் எழுந்து போவாள். புதிதாகப் பழகுகிறவள் செய்கிற ஒரு தப்பை மட்டும் அவள் செய்திருந்தாள். மைக்கில் விழுவது ஹெட்போனோடு நிற்காமல் பதிவிலும் போய் உட்காரும் என்பதை யோசிக்கவில்லை. ஒவ்வொரு மிக்ஸிலும் எங்காவது ஓரிடத்தில் பாட்டு பள்ளத்தில் இறங்க, உள்ளிருந்து டம்ளர் ஓசை வரும். அதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

ஆனால் இந்த வாரம் யாரும் தட்டாமலேயே விளக்கு எரிந்தது.

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் அறைக்குப் போனாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்கள். நாலரை மணிக்கே பொழுது சாய்ந்ததுபோல் இருந்தது. டெட்டாலும் பவுடரும் கலந்த வழக்கமான வாடைக்குக் கீழே இன்னொரு வாடை, வெகுநாள் மூடியிருந்த பீரோவுக்குள் ஈரத்துணியை வைத்து மறந்துவிட்டதுபோல. அப்பா விழித்திருந்தார். நாற்காலி கட்டிலுக்கு மிக அருகே கிடந்தது. மத்தியானம் கஞ்சி ஊட்டிவிட்டு எழுந்தபோது அதைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் போன ஞாபகம் அவளுக்கு. தள்ளியிருக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடியும் சுவரோரம் நகர்த்தினாள்.

அப்பா ஸ்பூனைத் தூக்கி டம்ளரில் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. சற்றுத் தயங்கி, இன்னொன்று.

"நாலா? நாலுன்னா என்னப்பா? அப்படி ஒண்ணு இல்லையே."

அவர் மீண்டும் நான்கு தட்டினார். கண்கள் நாற்காலிக்குப் போயின, அங்கிருந்து அவள் முகத்துக்கு வந்தன, மறுபடி நாற்காலிக்கு. உட்காரச் சொல்கிறார் என்று அவள் புரிந்துகொண்டாள்.

"ஒரே ஒரு மணி நேரம்பா. இத முடிச்சுட்டா நாளைக்குக் குடுத்துடுவேன். அப்புறம் நாள் பூரா உங்ககூடத்தான்."

அவர் ஸ்பூனைப் போட்டுவிட்டு அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அந்த இடது கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. குழந்தையிடமிருந்து சாவியை வாங்குவதுபோல, சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். தண்ணீர் புகட்டினாள். பெட்பேன் வைத்து எடுத்தாள். ஸ்பூனைத் திரும்பக் கையில் வைத்தாள். இனி ஒரு மணி நேரத்துக்கு இவருக்கு எதுவும் வேண்டியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன் அறைக்கு வந்து, கதவைச் சாத்தினாள்.

மைக் ஒயரை மிக்சரிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டாள்.

அந்த ஒரு மணி நேரம் அவள் வாழ்க்கையிலேயே நன்றாகப் போன ஒரு மணி நேரம். ஒரு பாட்டின் தாளம் இன்னொன்றின் தாளத்தோடு, இரண்டு பேர் ஒரே நடையில் நடப்பதுபோல, பிசிறில்லாமல் சேர்ந்துகொண்டது. எது எங்கே முடிந்தது, எது எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. வெளியே மழை பெய்ததா, ரயில் போனதா, யாராவது மணி அடித்தார்களா, ஒன்றும் தெரியாது. ஹெட்போனுக்குள் உலகம் முழுசாக இருந்தது. ஒரு முறைகூடப் பாட்டு தாழவில்லை. கடைசிப் பாட்டை மெல்ல இறக்கி, பதிவை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றியபோது ஜன்னலில் வெளிச்சம் போயிருந்தது. வீடு அமைதியாக இருந்தது.

அப்பாவிடம் போகத்தான் எழுந்தாள். அதற்குள் கண் திரையில் விழுந்தது.

பதிவான ஓசை திரையில் ஒரு தடித்த நீல அலையாக நீண்டு கிடந்தது. அது ஒரே சீராக இருந்திருக்க வேண்டும். இல்லை. இடையிடையே இடுப்பு ஒடுங்கியதுபோல் குறுகியிருந்தது. ஓரிடத்தில் அல்ல. முதலிலிருந்து கடைசிவரை. தொடக்கத்தில் தள்ளித் தள்ளி, போகப்போக நெருக்கமாக.

தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தாள். பிடுங்கிய இடத்திலேயே கிடந்தது.

உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, முதல் ஒடுக்கத்திலிருந்து ஓடவிட்டாள். பாட்டு தாழ்ந்தது. அடியில் டம்ளர் ஓசை. மூன்று. பாட்டு எழுந்தது. அடுத்த ஒடுக்கம். மூன்று. அதற்கடுத்ததும் மூன்றுதான். வா. வா. வா. ஒரு மணி நேரமும் அவர் அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் காதில் விழாத அத்தனையும் அங்கே இருந்தது. ஓசை தளர்ந்துகொண்டே வந்தது. ஸ்பூனைத் தூக்கக் கை வலிப்பது அதிலேயே தெரிந்தது.

பிறகு ஒரு நீண்ட இழுப்பு. பிளாஸ்டிக் கால்கள் மொசைக் தரையில் உரசி, நின்று, மறுபடி உரசி வருகிற ஓசை.

ஒரு முனகல். உட்காருகிறவரின் கனத்தை நாற்காலி வாங்கிக்கொள்ளும்போது முனகுவது.

டம்ளர் நான்கு முறை வேகவேகமாக அடித்தது. சட்டென்று நின்றது. அதன்பின் தட்டும் ஓசையே இல்லை. மூச்சு மட்டும். அப்பாவின் மூச்சு அவளுக்குத் தெரியும். இழுத்து, தொண்டையில் தடுக்கி, விடுவது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அது தடுக்கவில்லை. நிதானமாக இருந்தது.

அவள் வினோத்குமாரை செல்லில் கூப்பிட்டு, ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் பதிவு செய்தேன் என்று சொல்லி, ஹெட்போனைப் போன் வாயில் வைத்தாள். எர்த் சரியில்லை என்று அவன் சொல்லட்டும் என்று இருந்தது. அவன் வேறொன்று கேட்டான்.

"பக்கத்துல உக்காந்து பேசினு கீறது யாரு, உங்கம்மாவா?"

"அம்மா இன்னும் வரலடா. பேச்சே இல்லையே அதுல."

"மெதுவா கேக்குது. குசுகுசுன்னு." அவன் குரல் மாறியிருந்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லினே கீது. ரோஹிணி, அத வுடு. மொதல்ல அப்பாவ போய்ப் பாரு. நான் வண்டிய எடுத்துனு வரேன்."

அவள் பதிவை நிறுத்தவில்லை. பாட்டு தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்க, ஹெட்போனை மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாள்.

நடையில் விளக்கில்லை. அப்பாவின் அறைக் கதவு அவள் விட்டுவந்தபடியே திறந்திருந்தது. ஈரத்துணி வாடை இப்போது நடைவரைக்கும் வந்திருந்தது. சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டாள். குழல்விளக்கு இருமுறை துடித்தது. எரிந்தது.

நாற்காலி கட்டிலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கட்டில் கம்பியில் கயிறு அறுந்து தொங்கியது. டம்ளர் அப்பாவின் மார்பில் இருந்தது. அதன் வாய் நெஞ்சில் பதிய, இடது கையால் அதை மூடி அழுத்திக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் காணவில்லை. தலையணையை நகர்த்தியபோது அது அவர் கழுத்துக்கு அடியில் இருந்தது. எது எதன்மேலும் பட்டு ஓசை வந்துவிடக்கூடாது என்று ஒளித்து வைத்திருந்தார்.

அந்த ஒரு மணி நேரமும் அவர் கூப்பிட்டபோதெல்லாம் அவள் ஹெட்போனுக்குள் இருந்தாள். கூப்பிட்டதற்கு ஒருவர் வந்திருக்கிறார்.

"வந்துட்டேன்பா. நான்தான்பா. ரோஹிணி."

வந்துட்டேன் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் இன்னும் வெளிறியது.

நாற்காலியைத் தள்ளக் கையை வைத்தாள். உட்காரும் இடம் சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள். அதைத் தொடாமல், அதற்கு முதுகைக் காட்டிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, டம்ளரை அவர் மார்பிலிருந்து எடுத்துத் தன் மடியில் துணிக்குள் சுருட்டி வைத்து, அவர் இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அது பனிக்கட்டியாக இருந்தது. அம்மா வந்துவிடுவாள். வினோத் வந்துவிடுவான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள். மழை மட்டும்.

அப்புறம், சுவருக்கு அந்தப் பக்கம், அவள் அறையில், மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து கசிந்துகொண்டிருந்த பாட்டு தாழ்ந்தது.

எவர்சில்வர்மேல் எவர்சில்வர். மூன்று தட்டு.

டம்ளர் அவள் மடியில் இருந்தது. ஸ்பூன் அப்பாவின் கழுத்துக்கு அடியில்.

மறுபடி மூன்று. பொறுமையாக. அப்பா தட்டுவதுபோலவே, நடுவில் அதே சிறு தயக்கத்தோடு. வா.

அவள் போகவில்லை. அப்பாவின் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். எழுந்து கதவைச் சாத்தலாம். அதற்குக் கையை விட வேண்டும். கத்தலாம், மழையில் யாருக்கும் கேட்காது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓட அவளால் முடியாது.

தட்டுவது நின்றது. பாட்டும் நின்றது. அவள் அறைக் கதவு திறக்கும் கிறீச்சு.

அப்பாவின் கண்கள் வாசல்பக்கம் போயின. அங்கே நின்றன. பிறகு மெல்ல, மிக மெல்ல, நடக்கிறவரைத் தொடர்வதுபோல நகரத் தொடங்கின. கதவிலிருந்து பீரோவுக்கு. பீரோவிலிருந்து ஜன்னலுக்கு. ஜன்னலிலிருந்து அவள் தோளுக்கு மேலே.

அவள் திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி முனகியது.

ஈர வாடை. கழுத்தின் பின்புறம் ஒரு மூச்சு, நிதானமாக. அவள் கைக்குள் இருந்த அப்பாவின் விரல் அசைந்தது. ஓசை எதுவும் எழாமல், அவள் உள்ளங்கையின்மேல், மெதுவாகத் தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.