பன்னிரண்டாவது ஸ்வெட்டரின் கை

கொக்கியின் அம்மாவுக்கு எத்தனை கைகள் என்பதில் அந்தத் தெருவுக்கே சந்தேகம். நாலு என்றார் பால்காரர். எதிர்வீட்டுத் தையல்காரரோ, "ஆறுக்குக் குறையாது, ஜன்னல் வழியா எண்ணிப் பார்த்துட்டேன்" என்றார். உண்மையில் இரண்டுதான். ஆனால் அந்த இரண்டும் சும்மா இருந்ததை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் எண்ணிக்கை குழம்பிப்போனது.

அம்மா, பள்ளிச் சீருடைக் கடைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பாள். அதற்கென்று தனியாக நேரம் கிடையாது. உலை கொதிக்கும்வரை பின்னுவாள். துணி ஊறும்வரை பின்னுவாள். தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பின்னுவாள். தட்டுவது எந்தக் கை, பின்னுவது எந்தக் கை என்று தம்பிக்கே தெரியாது. ஒருமுறை ஜலதோஷம் பிடித்தபோது, இரண்டு தும்மலுக்கு நடுவில் ஏழு கண்ணி போட்டாள். நம்பாதவர்கள் பால்காரரைக் கேட்கலாம். அவர் வாசலில்தான் நின்றிருந்தார்.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். அவருடைய சம்பளம் மாதக் கடைசிவரை நடந்து வராது. இருபதாம் தேதி வாக்கில் கால் வலிக்கிறது என்று எங்கேயாவது உட்கார்ந்துவிடும். எனவே அந்த வீட்டில் எதுவும் வீணாகாது. சோப்பு தேய்ந்து இலைபோல ஆனதும் அடுத்த சோப்பின் முதுகில் ஏறிக்கொள்ளும். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து மேலும் ஒரு வாரம் பல் துலக்குவார்கள்.

கம்பளி நூலுக்கோ சாவே கிடையாது. அப்பாவின் பழைய மப்ளர் அவிழ்ந்து, கொக்கியின் கையுறையாகப் பிறந்தது. கையுறை அவிழ்ந்து, இந்தக் குளிருக்குத் தம்பியின் குல்லாவாக இருக்கிறது. அடுத்து அது என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. அடுப்படியில் இருந்த கெட்டில் மட்டும் அந்தக் குல்லாவை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொக்கிக்குப் பத்து வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அம்மாவின் சுண்டுவிரலில் தன் சுண்டுவிரலை மாட்டிக்கொண்டேதான் எங்கும் போவாள். அதனால் அப்பா வைத்த பெயர் அது. தம்பி பிறந்தபின் பெயர் மட்டும் மிஞ்சியது. மாட்டிக்கொள்ள விரல் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு அம்மா பின்னியபடியே முன்னால் நடப்பாள். கொக்கி நூல்கண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். இருவருக்கும் நடுவில் ஒரு நீல நூல் ஆடிக்கொண்டே போகும்.

மற்ற பிள்ளைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சிலர் அந்தக் கையை உதறிவிட்டுக்கூட ஓடினார்கள். கொக்கி அவர்களை வாயைப் பிளந்து பார்ப்பாள்.

'நூலைப் பிடிச்சிருக்கேன்ல, அதுவும் கை பிடிச்ச மாதிரிதான்' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். நூல் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "அம்மா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு வரியா?"

"வரேனே. இரு, இந்த வரிசை முடியட்டும்."

ஒரு ஸ்வெட்டருக்கு முந்நூறு வரிசை. அது முடிந்தால் அடுத்த ஸ்வெட்டர்.

முதலில் கொக்கி அம்மாவின் வேலையைக் குறைத்துப் பார்த்தாள். பாத்திரம் துலக்கினாள். தரையைப் பெருக்கினாள். "என் தங்கமே" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, மிச்சமான கால் மணி நேரத்தில் அம்மா பின்ன உட்கார்ந்தாள். அம்மாவிடம் ஒரு நிமிடத்தைக் கொடுத்தால், அது கையில் விழுமுன் ஊசியில் ஏறிவிடும்.

பிறகு ஊசிகளை ஒளித்துவைத்தாள். அம்மா பென்சில்களால் பின்னினாள். பென்சில்களை ஒளித்தாள். மறுநாள் காலை பல் துலக்கிய அப்பாவின் வாயிலிருந்து ஒரு முழம் நீல நூல் வந்தது. பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி துலக்கினார். கண்டக்டர் வேலையில் இதைவிட விசித்திரங்களைப் பார்த்தவர் அவர்.

கொக்கி ஊசிகளைத் திருப்பி வைத்துவிட்டாள்.

அம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னிக்கொண்டேதான் பார்த்தாள், ஆனாலும் பார்த்தாள்.

"சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள பன்னெண்டு ஸ்வெட்டர் குடுக்கணும். குடுத்துட்டு, அப்படியே ஆத்துப் பாலம் வரைக்கும் நடந்துட்டு வரலாம். நீயும் நானும்."

"ஊசி?"

"வீட்லயே இருக்கட்டும்."

"நிஜமா?"

"நிஜமாடி. ஆனா பன்னெண்டும் முடியணும்."

அன்றிலிருந்து கொக்கிக்குப் பாலத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. வரைபடத்தில் மலை எங்கே என்று ஆசிரியை கேட்டபோது பாலத்தைக் காட்டினாள்.

வியாழக்கிழமை மாலை பதினோரு ஸ்வெட்டர்கள் அடுக்கிலிருந்தன. பன்னிரண்டாவதுக்கு ஒரே ஒரு கைதான் பாக்கி. ஆனால் தம்பிக்குப் பல் முளைக்கும் சமயம். அவன் அழுதே பாதி நாளைத் தின்றுகொண்டிருந்தான். இப்படிப் போனால் முடியாது என்று கொக்கிக்குப் பட்டது.

நூல்கண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவளுக்குப் பின்னல் தெரியாமலா இருக்கும்? தம்பியை அம்மா குளிப்பாட்டப் போனதும், அவள் கழற்றி வைத்த இடுப்புப் பையிலிருந்து எட்டிப்பார்த்த ஊசிகளை எடுத்து மளமளவென்று சில வரிசைகள் போட்டாள். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மா அளவு நாடா வைத்துக்கொள்வதில்லை. வரிசையையும் எண்ணுவதில்லை. எண்ண உட்கார்ந்தால் யார் தம்பியைப் பார்ப்பது? அவளுக்கு வேலைதான் அளவு. ஸ்வெட்டருக்கு ஒரு கை என்றால், இரண்டு உலை, மூன்று துணி ஊறல், தம்பியின் ஒரு முழுத் தூக்கம், ஒருமுறை கடைத்தெரு போய்வருவது. அவ்வளவு முடிந்தால் கையும் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நிறுத்திவிடுவாள். தைக்கும் வேலை மிச்சம் என்று ஸ்வெட்டர் கையைக் குழாய் மாதிரி பின்னுவாள். பின்னப் பின்ன அது இடுப்புப் பைக்குள் தானாக இறங்கிவிடும். எடுத்துப் பார்க்க அவசியமே இல்லை. பதினொரு வருடத்தில் ஒரு விரற்கடைகூடக் கூடியதோ குறைந்ததோ கிடையாது.

சனிக்கிழமை காலை, கடைசித் துணி ஊறலும் முடிந்தது. "ஆச்சு" என்று அம்மா பைக்குள் கைவிட்டு ஸ்வெட்டர் கையை இழுத்தாள்.

அது வந்தது. இன்னும் வந்தது. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, இழுத்துக்கொண்டே சுவர்வரை போனாள். அப்போதும் வந்துகொண்டிருந்தது.

"இது யாருக்கு? ஒட்டகச்சிவிங்கிக்கா?" என்றாள் அம்மா.

கொக்கி முழி முழி என்று முழித்தாள். "நான்தாம்மா. சீக்கிரம் முடியட்டும்னு... கொஞ்சமா பின்னினேன்."

"கொஞ்சமா?"

"கொஞ்சம்தான். இவ்வளவெல்லாம் நான் பின்னலம்மா."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அன்று அப்பாவுக்கு விடுமுறை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தார்.

"நீ மாடியில துணி காயப்போடப் போனப்பல்லாம், நானும் ஒரு நாலு வரிசை..." என்றார். "நாற்பதாக்கூட இருக்கலாம்."

"உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. இது முடிஞ்சா, ஒரு வேளையாவது நீ என்கூட உக்காந்து சூடா சாப்பிடுவேன்னு நினைச்சேன்."

அம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் வாயில் ஒரு இழை நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனும் தன்னால் ஆனதைச் செய்திருக்கக்கூடும்.

யாரையும் அவள் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாதிக்கு மேல அவிழ்க்கணும், உடம்போட சேர்க்கணும். சாயங்காலம் ஆயிடும். பாலம்..."

"நாளைக்கு?" என்றாள் கொக்கி.

"நாளைக்கு அடுத்த நூல் வந்துடுமே கண்ணு."

கொக்கி அழவில்லை. அழுதால் முகம் கழுவ வேண்டும், சோப்பு வேறு இலையாகத் தேய்ந்திருந்தது. அடுக்கில் இருந்த பதினோரு ஸ்வெட்டர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பதினொண்ணு இருக்குல்ல? அதை இப்ப குடுத்துடுவோம். பன்னெண்டாவதைச் சாயங்காலம் தரோம்னு நான் கேக்கறேன். தப்பு பண்ணினது நான்தானே, நானே சொல்லிடறேன்."

"கடைக்காரர் கறாரான ஆளுடி. ஒருநாளும் நான் சொன்ன நேரம் தவறினதில்ல."

"கேட்டுப் பாக்கறதுக்கு நூல் செலவாகாதும்மா."

அம்மா சிரித்துவிட்டாள். மூட்டையைக் கட்டித் தோளில் மாட்டினாள். நீளக் கையையும் ஊசிகளை உருவிவிட்டு எடுத்துக்கொண்டாள். "இதை வழியிலேயே அவிழ்த்துடலாம். நான் இழுக்கறேன், நீ சுத்து." அம்மா அம்மாதான்.

தெருவில் காற்று ஊசி ஊசியாகக் குத்தியது. கொக்கியின் விரல்கள் விறைத்துவிட்டன. அவளுடைய கையுறைதான் இப்போது தம்பியின் தலையில் இருக்கிறதே. நூலின் முனையைத் தேடக்கூட விரல் மடங்கவில்லை. கொஞ்சம் சூடு ஏறட்டும் என்று ஸ்வெட்டர் கையின் ஒரு வாய்க்குள் தன் கையை நுழைத்தாள்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. இன்னும் உள்ளே போனாள்.

அம்மாவுக்கும் கை விறைத்துத்தான் இருந்தது. அவள் இன்னொரு வாயைப் பிடித்திருந்தாள். கொக்கி அதைப் பார்த்தாள். "நீயும் கையை உள்ளே விட்டுக்கோம்மா. இது எங்கேயும் ஊர்ந்து போயிடாது."

"அவிழ்க்கணுமேடி."

"விரல் மடங்கட்டும். அப்புறம் சீக்கிரமா அவிழ்க்கலாம்."

அதில் நியாயம் இருந்தது. அம்மா கையை நுழைத்தாள்.

ஸ்வெட்டர் கை மடிந்து மடிந்து சுருங்கியது. ஒரு பக்கத்திலிருந்து ஒரு கையும் மறுபக்கத்திலிருந்து ஒரு கையும் இருட்டில் மெல்ல நடந்து வந்தன. நடுவில் ஒன்றை ஒன்று தொட்டன. கொக்கியின் சுண்டுவிரல் வழி கேட்கவில்லை, நேராகப் போய் மாட்டிக்கொண்டது.

இரண்டு மூன்று கண்ணிகள் நழுவின. அம்மா பார்த்தும் பார்க்காதவள்போல நடந்தாள்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அவர் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கடையைத் திறந்த அன்று சிரித்தாராம், அதுவும் புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டதால்.

"மாமா, பதினொண்ணு இருக்கு" என்றாள் கொக்கி. "பன்னெண்டாவதுக்குக் கை நீளமாப் போச்சு. நான் அம்மாவுக்குத் தெரியாம பின்னிட்டேன். அம்மா மேல தப்பில்ல. சாயங்காலம் கொண்டு வந்துடறோம்."

"எவ்வளவு நீளம்?"

இருவரும் கோத்த கைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கடைக்காரர் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"கழட்டிக் காட்டு."

"இப்ப முடியாது மாமா."

"ஏன்?"

கொக்கி யோசித்தாள். "இப்பதான் மாட்டினோம்."

அம்மா மிச்சமிருந்த கையால் ஸ்வெட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அது சிரமமான வேலை. ஆனாலும் மற்ற கையை வெளியே எடுக்கவில்லை.

கடைக்காரரின் மீசை ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி, உடனே இறங்கியது. "ஆறு மணி. ஆறு ஒண்ணு ஆச்சுன்னா கடை சாத்திடுவேன்."

திரும்பும்போது கொக்கி அடிமேல் அடி வைத்து நடந்தாள். வீடு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு கதவையும் நின்று பார்த்தாள். ஆனால் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அந்த வீடு நகராமல் அதே இடத்தில்தான் இருந்தது.

ஜன்னலில் அப்பா கரண்டியும் தம்பியுமாக நின்றார். "இறங்கறவங்கல்லாம் இறங்குங்க" என்று பஸ் குரலில் கூப்பிட்டார். "சாப்பாடு ரெடி."

அம்மா நிற்கவில்லை. "மூடி வைங்க. வந்து உங்ககூட உக்காந்து சாப்பிடறேன்."

வாசல் பின்னால் போய்விட்டது.

"அம்மா, வீடு தாண்டிடுச்சு."

"பார்த்தேன்."

"அவிழ்க்கணும்னியே?"

"அவிழ்க்க அப்பா இருக்காரு. நாற்பது வரிசை அவரோடதுதானே."

தெரு முடிந்து ஆற்றங்கரைச் சாலை தொடங்கியது. ஸ்வெட்டர் கைக்குள்ளே அம்மாவின் ஆள்காட்டிவிரல் சும்மா இருக்கத் தெரியாமல் அசைந்துகொண்டே இருந்தது. ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஆனாலும் அது பாட்டுக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தது. கொக்கி அதை எண்ணிக்கொண்டே நடந்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு கொஞ்சம் தாமதமாக வந்தது.

பாலத்தில் கால் வைத்தபோது அந்த விரல் அசையாமல் தூங்கிப்போயிருந்தது. அதை எழுப்பிவிடாமல் கொக்கி மெல்ல நடந்தாள்.