கொண்டை ஊசியில் ஒரு கொலை

எல்லாம் செத்துக் கிடந்தன.

கௌசிகா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

நேற்று சாயங்காலம் மீன்குஞ்சுகளாகத் துள்ளிக்கொண்டிருந்தவை... இப்போது ஒன்றுகூட அசையவில்லை.

மாட்டின் ரத்தத்தில் குடியேறி, சர்ரா என்ற நோயால் அதை உருக்கிக் கொல்லும் ஒட்டுண்ணிகள் அவை. செத்தால் ஊரே சந்தோஷப்படும். கௌசிகாவால் முடியவில்லை.

இது மூன்றாவது முறை. நாளை சென்னையிலிருந்து நிபுணர் குழு வருகிறது!

செம்மேட்டுச் சந்தைக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில், 1998-லிருந்து ஐந்து வருஷமாக அவள் செய்தது ஒரே வேலைதான். ஒட்டுண்ணியின் ஜீன் உத்தரவு போடும். அந்த உத்தரவைச் சுமந்துகொண்டு ஆர்.என்.ஏ. என்ற தூதன் ஓடுவான். கௌசிகா ஒட்டுண்ணிக்குள் ஒரு கண்ணி வைத்திருந்தாள். கொல்லிமலைப் பாதையைப் போலக் கொண்டை ஊசியாக மடங்கிய இன்னொரு ஆர்.என்.ஏ. அது பிறந்துவிட்டால், ஒட்டுண்ணியே தன் தூதனை வழியில் மறித்துத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். உத்தரவு போய்ச் சேராது. ஒட்டுண்ணி சாகும்.

கண்ணியை எழுப்புவது டெட்ராசைக்ளின் மருந்து. துளி விட்டால் சாவு. விடாவிட்டால் உயிர்.

நாளை குழுவுக்கு இரண்டு குடுவைகளைக் காட்ட வேண்டும். மருந்து விட்டதில் சாவு, விடாததில் துள்ளல். இரண்டிலும் சாவு என்றால்... ஆய்வுக்கூடத்துக்கே பூட்டு.

ஒட்டுண்ணிகளுக்குத் தீனியாக ஊற்றும் சீரம் கெட்டிருக்குமோ? இல்லை. கண்ணி வைக்காத ஒட்டுண்ணிகள் அதே சீரத்தைக் குடித்துவிட்டுப் பக்கத்துக் குடுவையில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

அப்படியானால் யாரோ மருந்து கலந்திருக்கிறார்கள்.

"என்னங்க மேடம், இன்னைக்கும் போச்சுங்களா?"

வாசலில் இலியாஸ். சேந்தமங்கலத்தில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தவன். அவளோடு வேலை செய்யும் ஆராய்ச்சியாளன்.

அவன் குடுவையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

போன வாரம் ஸ்டோர் ரூமிலிருந்து அவன் பதுங்கி வெளியே வந்ததை அவள் பார்த்திருந்தாள். துடைப்பம் எடுக்கப் போனதாகச் சொன்னான். கையில் துடைப்பம் இல்லை.

சந்தேகம் வந்துவிட்டால் ஒருவனின் நல்ல குணங்களே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. சீக்கிரம் வேலைக்கு வருவான். எதற்கு? அதிகம் பேசமாட்டான். எதை மறைக்க?

நேற்று மருந்துப் பெட்டியின் இரண்டு சாவிகளையும் அவளே வாங்கி இடுப்பில் செருகியிருந்தாள். குடுவைகளை வைத்து வளர்க்கும் இன்குபேட்டரையும் பூட்டியிருந்தாள். பூட்டிய கதவுக்குள் மருந்து எப்படிப் போனது?

சீரத்தோடு! கன்றின் ரத்தத்தை எடுத்துவந்து சீரமாக்குவது இலியாஸ்தான்.

வெளியே ஜீப் உறுமியது. டிரைவர் அர்த்தனாரி, இயக்குநர் தரணிதரனைக் கூட்டிவர நாமக்கல்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கௌசிகா ஓடினாள். இயக்குநரின் முகத்தைப் பார்த்து ஒருவன் வேலைக்கு உலை வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு அவசரம் என்று பேர் வைத்துக்கொண்டாள்.

"நான் சொன்னதா வழியிலயே சார்கிட்டச் சொல்லிருங்கண்ணா. எல்லாத்தையும் கெடுக்கறது இலியாஸ்தான். இன்னைக்கே அனுப்பிரணும்."

அர்த்தனாரி அவளை ஒரு மாதிரி பார்த்தார். தலையாட்டினார். ஜீப் இறங்கியது.

அவள் திரும்பி வந்தபோது இலியாஸ் ஊசியும் குழாய்களும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். இன்று கன்றிடம் ரத்தம் எடுக்கும் நாள்.

"நானும் வாரேன்."

அவன் கை ஒரு நொடி நின்றது.

"நீங்க எதுக்குங்க மேடம்?"

"ஏன்... வரக்கூடாதா?"

இருவரும் பைக்கில் வாழவந்தி நாட்டுக்குப் போனார்கள்.

வழக்கமாக ரத்தம் கொடுக்கும் சின்னமுத்துவின் தொழுவத்தில் கன்று கொழுகொழுவென்று நின்றது. இலியாஸ் அதன் கழுத்தைத் தடவி நரம்பைத் தேடினான். கௌசிகா அவன் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. புது ஊசி. புதுக் குழாய். சட்டைப் பையில் எதுவுமில்லை. தப்பே செய்யவில்லை அவன். அதுவே அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்படி ஏமாறுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சின்னமுத்துவின் மனைவி நஞ்சம்மாள் மோரோடு வந்தாள்.

"தாராளமா எடுத்துக்குங்க கண்ணு. நேத்தே ஊசி போட்டாச்சு."

கௌசிகாவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"என்ன ஊசிங்க?"

நஞ்சம்மாள் கூரைச் சந்திலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினாள். மஞ்சள் மருந்து. லேபிளில்...

ஆக்சி-டெட்ராசைக்ளின்!

"மொதத் தடவ, சளி புடிச்ச கன்னு ரத்தம்னு நீங்கதானுங்க சாமி திருப்பி அனுப்புனீங்க? எங்களுக்கு மானக்கேடாப் போச்சு. அதுக்கப்புறம், பொண்ணு பார்க்க வாரப்ப பொண்ணைச் சோடிக்கிற மாதிரி, மொத நாளே இதுக்கு ஊசி போட்டு வெச்சுருவோம்."

"இலியாஸ்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னா வேற ஊட்டுக் கன்னுக்குப் போயிருவாருல்ல? பெரிய மேடம் நீங்களே வந்திருக்கறதால சொல்றேன்."

இலியாஸின் முகம் வெளுத்திருந்தது. கன்றின் ரத்தத்தில் மருந்து. ரத்தத்திலிருந்து சீரம். சீரத்திலிருந்து குடுவை. கண்ணி இல்லாதவற்றை அந்தத் துளி ஒன்றும் செய்யவில்லை. கண்ணி உள்ளவற்றை மட்டும் கொன்றது.

திரும்பும் வழியில் அவன் பைக்கை ஓரம் கட்டினான்.

"மேடம், நான் ஒரு திருட்டுப் பண்ணியிருக்கேன்."

கௌசிகா பைக்கிலிருந்து இறங்கினாள்.

"சாரு பூட்டி வெச்சிருக்கற வெளிநாட்டுச் சீரத்துல கொஞ்சம் எடுத்தேன். ஸ்டோர் ரூம்ல இருக்கற பழைய இன்குபேட்டர்ல நம்ம ஒட்டுண்ணியை ஒரு குடுவையில தனியா வளர்த்துட்டிருக்கேன். அது உசுரோட இருக்குங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் தரையைப் பார்த்தான்.

"நீங்கதான் கொல்றீங்கன்னு நெனச்சேன். குழு முன்னாடி தோத்துருவோம்னு பயந்து, நாச வேலைன்னு பழி போட..."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஜீப் நினைவுக்கு வந்தது.

அர்த்தனாரி!

"சீக்கிரம் போ, இலியாஸ்..."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் வாசலில் நின்றிருந்தது. தரணிதரன் இறங்கினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கண்கள் நேராக இலியாஸிடம் போய் நின்றன.

"இலியாஸ்..."

கௌசிகா ஓரடி முன்னால் வந்தாள்.

"...தண்ணி கொண்டா."

இலியாஸ் கொண்டுவந்து கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி உள்ளே போனார். அர்த்தனாரி அவளிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். அடிவாரம் வரைக்கும் சாரு தூங்கிட்டாரு. மொத வளைவுல 'கௌசிகா மேடம்'ன்னு ஆரம்பிச்சேன். சாருக்கு வாந்தி. ரெண்டாவதுல 'சொன்னாங்க'ன்னேன். மறுபடி வாந்தி. எழுபது வளைவும் அதே கதைதான். நீங்க சொல்லி விட்டது ஒண்ணும் அவரு காதுல ஏறலீங்க. இப்பப் போய்ச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்கண்ணா. இனி சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கறேன்."

இலியாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைப் பத்தியாங்க மேடம்?"

பொய் சொல்லலாம். அவள் சொல்லவில்லை.

"உன்னைப் பத்தித்தான். உன்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி."

அவன் மலைப்பாதை இறங்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். அப்புறம் மெல்லச் சிரித்தான்.

"செய்தி கொண்டை ஊசியிலயே துண்டு துண்டாப் போயிருச்சு. நாளைக்குக் குழு வந்தா, குடுவையைக் காட்ட வேண்டாங்க மேடம்... சாரைக் காட்டுனாப் போதும்!"