பாட்டுக்கு முன்னால் வரும் குரல்

பாண்டுங் நகரத்தில் அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. டச்சுக்காரன் காலத்து வீடு ஒன்றின் வாசலில் நின்று நெங்சி குடையை உதறினாள். ஊருக்கே மாமாவான மாங் ஓயோ அந்த வீட்டை இசைத்தட்டுக் கடையாக மாற்றி வெகுகாலம் ஆகிறது. உள்ளே கிராம்பு சிகரெட் புகையும் ஈரச் சுவரின் வாடையும் மண்டிக் கிடந்தன. கூடவே ஒரு புளித்த காடி நெடி. பழைய டேப்பு கெட்டுப்போனால் அப்படித்தான் நாறும். இந்தக் கடையில் ஏது டேப்பு என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குமேல் யோசிக்க அவளுடைய வயிற்றெரிச்சல் விடவில்லை.

கூட்டத்தின் நடுவில், தட்டு வெளியிடும் ஹென்ட்ரா மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் அம்மா தித்தின் பாடிய ஒரே தொகுப்பு இன்று அவன் புண்ணியத்தில் மறுபடி தட்டாக வருகிறதாம். உறைமேல் தங்க நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தான்: 'மூல டேப்பிலிருந்து நேரடியாக.'

அந்த டேப்பை அவனிடம் நம்பிக் கொடுத்தது நெங்சிதான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரலுக்கு அசல் என்று இருந்தது அது ஒன்றுதான். போன வருஷ நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தது. இந்த வருஷப் பெருநாளும் வந்து போய்விட்டது. போன் போட்டால் எடுப்பதில்லை, படுபாவி.

"நடுவுல கம்ப்யூட்டர் நுழைஞ்சா பாட்டோட உசிரே போச்சு!" என்று வாடிக்கைக்காரர் யாயாத் கத்திக்கொண்டிருந்தார். "அப்புறம் என்னத்துக்குத் தட்டு?"

"போய்யா! போன மாசம் ஒரு தட்டைக் கேட்டுட்டுக் கண்ணு கலங்கினியே, அது கம்ப்யூட்டர் காப்பியில இருந்து வெட்டினதுதான்" என்றார் மாங் ஓயோ. "அப்ப உன் காது எங்க போச்சு?"

"கண்ணுல புகை பட்டுச்சு, மாங்."

எல்லோரும் சிரித்தார்கள். நெங்சி சிரிக்கவில்லை.

"காங் ஹென்ட்ரா, அண்ணேன்னு நம்பித்தானே கொடுத்தேன், என் டேப்பு எங்க?"

"அட, வந்ததும் வராததுமா! முதல்ல பாட்டைக் கேளு."

"கேக்கத்தான் போறேன். அது டேப்புல இருந்து வந்ததா இல்லையான்னு."

அதற்கு ஒரு வழி உண்டு. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். சுற்றிவைத்த டேப்பில் ஒரு சுற்றின் சத்தம் நாளடைவில் பக்கத்துச் சுற்றில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால், அதே குரல் நூலிழையாகக் கேட்கும். முதலில் மெல்லிய குரல், பின்னாலேயே நிஜக் குரல். கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டால் அது இருக்காது.

மாங் ஓயோ ஊசியை வைத்தார்.

ஒன்றுமில்லை. பாழுங்கிணற்று நிசப்தம். பிறகு திடுமென்று அம்மா பாடினாள்.

"துடைச்சிருக்கான்!" யாயாத் துள்ளி எழுந்தார். "திருட்டுப்பய!"

"ஆமாய்யா, துடைச்சேன்! இரைச்சலைத்தானே துடைச்சேன்? நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு!"

"நல்லாத்தான் இருக்கு" என்று மாங் ஓயோ முனகினார்.

நெங்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நல்லா இருந்தா இருக்கட்டும். என் அம்மாவோட டேப்பு எங்க?"

முதல் பாட்டு முடிந்தது. தட்டு சுழன்றது. நிசப்தம்.

அந்த நிசப்தத்துக்குள் யாரோ பேசினார்கள்.

ஆண் குரல். நூலிழை மாதிரி.

'பத்திரமா இருக்கு.'

"பத்திரமா இருக்கு" என்றான் ஹென்ட்ரா.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

யாயாத் மெல்ல உட்கார்ந்தார். "மாங்… இப்ப கேட்டீங்களா?"

இரண்டாவது பாட்டு ஓடியது. யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் அது முடிவதற்காகக் காத்திருந்தார்கள். காடி நெடி கண்ணைக் கரித்தது.

"நிறுத்துங்க மாங்" என்றான் ஹென்ட்ரா.

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிருவேன்" என்றாள் நெங்சி.

பாட்டு முடிந்தது.

'எரிச்சுட்டேன்.'

ஹென்ட்ரா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். ஆனாலும் விரலிடுக்கில் அது பிதுங்கி வந்தது.

"எரிச்சுட்டேன்."

ஹென்ட்ரா கைகளை இறக்கினான்.

"பூஞ்சை பிடிச்சுக் கெடந்துச்சு, நெங்சி. காப்பி எடுத்தாச்சு. அசல் இருந்தா நாளைக்கு வேற எவனாவது தட்டுப் போடுவான், ஒப்பிட்டுப் பாப்பான்… கொல்லையில போட்டுக் கொளுத்திட்டேன்."

"பாவி!" அவள் குரல் உடைந்தது. "நீ கொளுத்தினது எங்க அம்மாவைடா! ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டியேடா!"

ஹென்ட்ரா பாய்ந்து தட்டைப் பிடுங்கினான். முழங்காலில் வைத்து உடைத்தான். துண்டுகளை வீசினான். மூச்சு வாங்கியது.

"போச்சு! முடிஞ்சுது! போதுமா?"

ஊசி அந்தரத்தில் நின்றது. சுழலும் மேடையில் எதுவும் இல்லை.

ஸ்பீக்கரில், மிக மெல்லியதாக, ஒரு பெண் குரல் கேட்டது.

'ஹென்ட்ரா…'

அவன் கதவை நோக்கி ஓடினான். தாழ்ப்பாள் நகரவில்லை. யாயாத் முணுமுணுவென்று ஓத ஆரம்பித்தார்.

நெங்சி அசையவில்லை. பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

"எதுக்குடா ஓடறே?" என்றாள். "இது முன்னால வர்றதுதான். நெஜக் குரல் இனிமேதான் வரும்."

கதவோரம், ஸ்பீக்கரே இல்லாத அந்த மூலையில், அவனுக்கு நேர் பின்னால், யாரோ பாடப்போவதுபோல மூச்சை ஆழமாக இழுத்தார்கள்.