நூற்றொன்றின் பிடிவாதம்

அவனியாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்கு இரண்டே நாள்தான் இருந்தது. மைதானத்தில் நூறு பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ராமக்காள் மட்டும் வேப்பமரத்தடியில் நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“நூறுன்னா அளவா, அழகா இருக்கும். நூத்தியொண்ணு எதுலயும் அடங்காதும்மா. நீ உக்காந்து வேடிக்கை பாரு” என்று சொல்லிவிட்டார் விளையாட்டு ஆசிரியர் வெள்ளைத்துரை.

அவரே கண்டுபிடித்த விளையாட்டு அது. முதல் பிள்ளை ஒரு ரப்பர் வளையத்தைத் தனக்கு அடுத்து ஐந்தாவதாக நிற்பவருக்கு வீச வேண்டும். அவர் தனக்கு ஐந்தாவது ஆளுக்கு வீச வேண்டும். வீசியவர் உடனே உட்கார வேண்டும். கடைசியில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள், கூட்டம் கைதட்டும். நினைப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது!

விசில் ஒலித்தது. இருபது பேர் உட்கார்ந்ததும் வளையம் முதல் ஆளான சங்கிலியிடமே திரும்பி வந்துவிட்டது. எண்பது பேர் சும்மா நின்றார்கள்.

“பத்தாவது ஆளுக்குப் போடுங்கடா!” என்றார் சார். பத்தே பேரோடு முடிந்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

சங்கிலியை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஐந்தாவதாக நின்ற பாண்டியம்மாளுக்கு வளையம் வரவே இல்லை. அவளுக்குக் கோபமான கோபம். இடைவேளையில் புளியங்கொட்டைகளை அள்ளிக்கொண்டு ராமக்காள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

நூறு கொட்டைகள் இரண்டு, நான்கு, ஐந்து, பத்து என்று கேட்டபடியெல்லாம் சம வரிசையாக நின்றன. ராமக்காள் இன்னொரு கொட்டையை வைத்தாள். இரண்டில் அடங்கவில்லை. மூன்றில், ஐந்தில், ஏழில் அடுக்கிப் பார்த்தார்கள். எப்படி அடுக்கினாலும் மிச்சம் விழுந்தது.

“அடேயப்பா, என்னா பிடிவாதம் இதுக்கு!” என்று பாண்டியம்மாள் கண்ணை விரித்தாள். “பகா எண் புள்ள இது! ஒண்ணையும் தன்னையும் தவிர வேற யாருக்கும் பிடி கொடுக்காது.”

சட்டென்று அவளுக்கு ஏதோ பொறி தட்டியது. சாரிடம் ஓடினாள்.

“சார், நூறு அஞ்சுல சரியா அடங்குது. அதான் வளையம் புறப்பட்ட எடத்துக்கே சீக்கிரம் வந்துருது. நூத்தியொண்ணு எதுலயும் அடங்காதுன்னு நீங்கதான சொன்னீக? அடங்காததுதான் சார் நமக்கு வேணும்!”

சார் தலையைச் சொறிந்தார். பிறகு, “சரி, அந்தப் புள்ளையக் கூப்பிடு” என்றார்.

ராமக்காள் சங்கிலிக்கும் நூறாவது ஆளுக்கும் நடுவே வந்து நின்றாள். வளையம் பறந்தது. தொண்ணூற்றாறாவதாக நின்ற நல்லகாமன் பழக்கத்தில் சங்கிலிக்கே வீசப் போனான்.

“அண்ணே, எனக்கு!” என்று ராமக்காள் கத்தினாள்.

பிடித்தாள். அவளுக்கு ஐந்தாவதாக நின்றது பாண்டியம்மாள். அங்கிருந்து வளையம் இதுவரை போகாத கைகளுக்கெல்லாம் போனது. நூற்றியொரு பேரும் உட்கார்ந்த பிறகுதான் சங்கிலியிடம் திரும்பியது.

சாருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏழாவது ஆளுக்கு, பத்தாவது ஆளுக்கு என்று மாற்றி மாற்றி வீசச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் ஒருவர் விடாமல் உட்கார்ந்தார்கள்.

“எம்புட்டு அழகான நம்பர்!” என்று சார் வாயைப் பிளந்தார். பிறகு விசிலை ஊதி, “எல்லாரும் கேளுங்க! விழா அன்னைக்கு ஒருத்தரும் லீவு போடக் கூடாது. ஒரு ஆள் குறைஞ்சாலும் அம்புட்டும் போச்சு!” என்றார்.

“காய்ச்சல் வந்தாலும் நான் வருவேன் சார்!” என்று எல்லாருக்கும் முன்னால் சத்தம் போட்டவள் ராமக்காள்.