மெய்யுறையின் சொந்தம்

மருத்துவரின் ஊசியை மெய்யுறை நான்காவது முறையாக வளைத்துத் தள்ளியது.

மூன்று வயது நிலனின் கன்னமெங்கும் கொப்புளங்கள், ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து. காய்ச்சல் நூற்று நான்கு. "அம்மை போட்டிருக்குன்னு ரெண்டு நாளா வேப்பிலையில படுக்க வெச்சிருந்தேனுங்க," என்று அழுதாள் அவன் அம்மா பூவிழி.

"அம்மை இல்லீங்க. போன வாரம் உங்க உதட்டுல கொப்புளம் வந்துச்சா?" என்றார் டாக்டர் ரெஜினா.

"சூட்டுக் கொப்புளமுங்க. ரெண்டே நாள்ல காஞ்சிருச்சே!"

"அந்தக் கிருமிதான். நமக்கு உதட்டோட போயிரும். இவனுக்கு இருக்கற மாதிரி கரப்பான் படை வந்த தோலு ஓட்டைக் கூரை மாதிரி, உள்ள இறங்கிப் பரவிரும். கண்ணுக்குப் போனா பார்வையே போயிருமுங்க."

கரப்பான் பிள்ளைகளுக்கென்றே வந்தது மெய்யுறை. தோல்மேல் பூசும் உயிர்ப்படலம். அந்நியக் கிருமி எதையும் அண்டவிடாது. சொந்தம் தொட்டால் மட்டும் வழிவிடும். யார் சொந்தம் என்று அதற்குக் கற்றுக்கொடுக்க, பூசிய அன்றே அம்மா முத்தம் கொடுக்க வேண்டும். போன வாரம் பூசியதும் பூவிழி ஆசை தீரக் கொடுத்தாள். கோடிக் கிருமியைத் தடுத்த உறை, அவள் உதட்டில் வந்ததை மட்டும் வாசல் திறந்து வரவேற்றது. பாழாய்ப்போன புத்திசாலித்தனம்!

"உங்க பேர்ல வந்ததால கிருமியையும் சொந்தம்னு நெனைக்குது. அதைக் கொல்ற மருந்தைத் தள்ளிவிடுது."

"உறையை உரிச்சிருங்க டாக்டர்!"

"தோலோட வந்துருமுங்க. உங்க பேரை அழிச்சா மருந்தை விடும். ஆனா பேர் அழிஞ்சவங்களை மறுபடி சேர்க்காது, தொடவும் விடாது."

பூவிழி மகனைப் பார்த்தாள். நிலனின் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

"பேரை அழிக்க எங்கீங்க விரல் வைக்கணும்?"

வைத்தாள். ஐந்தாவது ஊசி தடையில்லாமல் இறங்கியது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நிலன் கண் திறந்து, "அம்மா, தூக்கு," என்று கையை நீட்டினான். பூவிழி எல்லாவற்றையும் மறந்து ஓடினாள். அவள் விரல் பட்டதும் உறை விறைத்து இறுகியது. பிள்ளை வலியில் வீறிட்டான். சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.

ரெஜினா ஓடிவந்து அவனைத் தொட்டார். உறை இளகி வழிவிட்டது. காலியான இடத்தில், மூன்று நாளாக மருந்து பூசிய கையை அது சேர்த்துக்கொண்டிருந்தது.

"நீங்களே தூக்கிக்கோங்க டாக்டர்," என்றாள் பூவிழி. "கொஞ்சம் என் பக்கமாத் திருப்பிப் பிடிங்க. மூஞ்சியையாவது பாத்துக்கறேன்."