கிளாட்வின் பக்கம்

இறந்த பிறகுதான் கிளாட்வின் முதன்முறையாக மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டான்.

அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவன் மனைவி ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. கூடத்துப் பேசுதிரையில் அவன் முகம் தெரிந்தது. தடித்த குரல், சொல்லுக்கு நடுவே லேசான கரகரப்பு, எல்லாம் அவனேதான். ஆனால் அந்தக் கேள்வி அவனுடையது அல்ல.

"அம்மா இப்பத்தான் மீனே கழுவுதாப்பா, இனிமேதான்" என்றாள் ஷெரின் சிரித்தபடி.

"நல்லா சாப்பிடு மக்கா. ரொம்ப மெலிஞ்சிட்ட."

தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் இறந்தவர் எல்லோருக்கும் இப்படி ஒரு பேசுபக்கம் இருந்தது. ஒரு காலத்தில் இணையதளம் என்றால் யாரோ சிலர் எழுதுவார்கள், மற்றவர்கள் படித்துவிட்டுப் போவார்கள். பிறகு படிப்பவர்களே எழுத வந்தார்கள். எழுதியவற்றுள் எது நிற்கும், எது போகும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அந்தப் பாதையின் உச்சி என்று எல்லோரும் கொண்டாடியது 'ஊரார் தளம்.' ஒருவரைத் தெரிந்த யாரும் அவரைப் பற்றி ஒரு வரி எழுதலாம். மற்றவர்கள் அதற்கு ஒப்பு தரலாம், அல்லது மறுப்பு தரலாம். ஒப்பு பெருகினால் வரி வலுப்படும். மறுப்பு பெருகினால் மங்கி மறையும். மிஞ்சிய வரிகளிலிருந்து தளம் ஒரு மனிதனைத் திரட்டி, குரல் கொடுத்துப் பேச வைக்கும். பக்கத்துக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. மனைவிக்கும் ஒரே ஒப்பு, டீக்கடைக்காரருக்கும் ஒரே ஒப்பு.

அது நியாயம் என்றுதான் ஜெசிந்தாவும் நினைத்திருந்தாள். சரக்குக் கப்பல் தீப்பிடித்து மாலுமிகள் இறந்தபோது கம்பெனி சொன்ன பொய்யை உடைத்தது இந்தத் தளம்தான். அன்று அவளும் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைக் கண்காணிக்கும் அறையில் உட்கார்ந்து வரி வரியாக ஒப்பு தந்தவள்.

கிளாட்வின் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பான். அதையெல்லாம் ஊர் எழுதியது. எழுதியதில் பொய் இல்லை. பிறகு இன்னும் எழுதியது. குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தான் என்றது. மனைவியை ஒரு சொல் கடிந்து பேசாதவன் என்றது. ஒருவர் எழுத, அடுத்தவர் மெருகேற்றினார்.

கடிந்து பேசாதவன் என்ற வரியைப் படித்த அன்று ஜெசிந்தா தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். எலும்பு கோணலாகக் கூடிய இடம் அது. பிறகு அவளும் எழுதினாள்: 'என்னை அடிப்பார்.'

மதியத்துக்குள் மறுப்புகள் குவிந்து அந்த வரி சாம்பல் நிறமாகிவிட்டது. அவள் பக்கத்து வீட்டு அமலி அக்காவிடம் ஓடினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். மணிக்கட்டு உடைந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்து வந்ததும் அமலி அக்காதான்.

"ஒரே ஒரு ஒப்பு போடுங்கக்கா. உங்களுக்குத் தெரியும்லா?"

அமலி அக்கா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "போன மனுசனப் பத்தி எதுக்குட்டி இப்ப?"

"ஷெரின் தெனமும் அவர்ட்ட பேசுதா. என்னயத்தான் பொய்க்காரின்னு நெனைக்கா."

"நா கண்ணால பாக்கலியே. சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாளைக்கு நானும் போய்ச் சேருவேன். எனக்கும் இந்த ஊருதான எழுதணும்? அடுத்தவங்க குத்தத்த நா எழுதுனா, என் குத்தத்த எழுத எத்தன பேரு காத்திருக்கானோ."

அவளைக் கோபித்துக்கொள்ள ஜெசிந்தாவால் முடியவில்லை. குடியிருப்பு முழுவதும் இந்த பயத்தின் மேல்தான் ஒருவரையொருவர் நல்லவராக்கிக்கொண்டிருந்தது. மாலையில் அவளுடைய வரி காணாமல் போயிற்று.

"ஊரு முழுக்க பொய் சொல்லுதாம்மா? நீ மட்டும் உண்மையா?" என்று கேட்டாள் ஷெரின். அவள் வளர்ந்ததெல்லாம் திருச்சி விடுதியில். அவள் எதையும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ஜெசிந்தா அங்கே அனுப்பியிருந்தாள்.

ஷெரினுக்கும் ரோனல்டுக்கும் நிச்சயமாகியிருந்தது. கடலளவை நிலையத்தில் வேலை, பார்க்க மரியாதையான பையன். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சில வாரங்கள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஷெரின் தலைமுடியைக் கன்னத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பேசுதிரை முன்னால் போய் உட்கார்ந்தாள். ஜெசிந்தா துணி காயப்போடப் பின்கட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருப்பாள்.

"அப்பா, ரோனல்டு என்னய அறஞ்சிட்டான். பழைய கிளாஸ்மேட்டோட பேசிட்டு நின்னேன், அதுக்கு. இப்ப நா என்ன செய்ய?"

திரையில் கிளாட்வினின் முகம் கனிந்தது. "அழாத மக்கா. ஆம்பளைக்குக் கோவம் வாரது சகஜம்."

கையில் ஈரத்துணியோடு ஜெசிந்தா வாசற்படியில் நின்றாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளே சொன்னாள்:

"பாசம் இருக்கப் போய்த்தான அடிக்கான்."

ஒரு நொடி பிந்தி, திரை அதையே சொன்னது.

ஷெரின் திரும்பிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்" என்றாள் ஜெசிந்தா. திரையும் அதையே சொன்னது. "வெளிய சொல்லி நம்ம மானத்த நாமளே வாங்கக் கூடாது" என்றாள். திரையும் சொன்னது. இதெல்லாம் கிளாட்வின் பேசிய பேச்சே அல்ல. அவன் அடிப்பான், பிறகு தூங்கிவிடுவான். இவை மறுநாள் காலையில் அவளுக்கு வந்து சேர்ந்த பேச்சுகள். தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், சங்க அலுவலகத்தில் ஆளாளுக்கு அவளிடம் சொன்னவை. அந்த வாய்களெல்லாம் சேர்ந்துதான் இப்போது கிளாட்வினாகப் பேசிக்கொண்டிருந்தன.

ஷெரின் மறுபடி திரையைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, நீங்க அம்மாவ அடிச்சீங்களா?"

"அப்படி யாரும் சொல்லலியே மக்கா."

அடித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஷெரின் எழுந்து வந்து தாயின் இடது கையைப் பிடித்தாள். கோணல் எலும்பின் மேல் விரலை வைத்தாள். அவள் கன்னத்தில் இன்னும் சிவப்பு வடியவில்லை.

கல்யாணம் நின்றது. ஊர் உடனே எழுதியது. கிளாட்வினின் பக்கத்தில் புதிதாக ஒரு வரி வந்து ஒப்புகளால் கொழுத்தது: மகளின் திருமணம் நின்றதில் மனமுடைந்து போனார். அதன் பிறகு திரையை இயக்கினாலே செத்தவன் விசும்பினான். ஷெரின் அதைச் சுவரிலிருந்து கழற்றிப் பரண் மேல் போட்டாள்.

அதனால் பக்கம் போய்விடவில்லை. அதுதான் குடியிருப்பிலேயே அதிக ஒப்பு பெற்ற கணவனின் பக்கம். புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு ஆலோசனை கேட்கத் தளம் தானாகவே அதைப் பரிந்துரைக்கத் தொடங்கியிருந்தது. ஜெசிந்தாவுக்கு இது தெரியவந்தது ஒரு சனிக்கிழமை முற்பகலில், அரிசி களைந்துகொண்டிருந்தபோது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. அமலி அக்காவின் மகன் கத்தினான். வாசலில் பைக் சீறிப் போயிற்று. பிறகு மருமகள் ஜெனோவாவின் உடைந்த குரல் கேட்டது: "மாமா, நா இனி எப்படி இருப்பேன் இங்க?"

தடித்த குரல் ஒன்று, லேசான கரகரப்போடு, அவளை மக்கா என்று அழைத்தது.

ஜெசிந்தா ஈரக்கையோடு ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டினாள். திறந்தது அமலி அக்கா. அவள் முகம் வெளுத்திருந்தது. கதவை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கிளாட்வின் நிதானமாக, அன்பாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்ன சத்தம்க்கா?" என்றாள் ஜெசிந்தா.

"ஒண்ணுமில்லட்டி" என்றாள் அமலி அக்கா. "நா கண்ணால பாக்கல."

சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள். கதவைப் பிடித்திருந்த மற்ற கை நழுவியது. ஜெசிந்தா அவளை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.